நூறு கோடியைத் துடைத்தவர்

என் மாமாவை எங்கள் தெருவில் எல்லோரும் கோடீஸ்வரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் சலவைக் கடையில் கறை எடுப்பவர். காப்பியா, துருவா, மையா என்று முகர்ந்து பார்த்தே சொல்லிவிடுவார். அந்தப் பட்டப்பெயர் அவருடைய ஆல்பத்தால் வந்தது. விலைவாசி தலைதெறிக்க ஏறி, பணம் வெறும் காகிதமாகிப்போன காலத்து நோட்டுகளை அவர் சேர்க்கிறார். காலையில் ரொட்டி வாங்கிய நோட்டுக்கு மாலையில் தீப்பெட்டிகூடக் கிடைக்காத காலம் அது.

"கோடி கோடியா அடுக்கி வச்சிருக்கீங்க, குக்கருக்கு ஒரு ரப்பர் வாங்க வக்கில்ல" என்பார் அத்தை.

"என்கிட்ட சில்லறை இல்லம்மா" என்பார் மாமா.

ஆல்பத்தின் ஒவ்வொரு பிளாஸ்டிக் உறையும் அவருக்கு ஒரு ஜன்னல். ஒரு பக்கம் முழுக்க ஒரே நாட்டின் நோட்டுகள்: நூறு, ஆயிரம், லட்சம், கோடி. கடைசி ஜன்னல் மட்டும் பல வருடங்களாகக் காலி. புது நோட்டு அச்சடிக்க நேரமும் பேப்பரும் இல்லாமல், பழைய ஆயிரத்தின் மேலேயே 'நூறு கோடி' என்று சீல் குத்தி வெளியே விட்டார்களாம். அந்த நோட்டுக்குத்தான் அந்த இடம்.

"ஒரே தாளு. நேத்து ஆயிரம், இன்னிக்கு நூறு கோடி. அந்த சீலைக் குத்தின ஆளு சாயந்திரம் என்ன வாங்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பான்?" என்று சாப்பிடும்போதுகூடக் கேட்பார். எங்களில் யாருக்குத் தெரியும்?

நோட்டில் கறை இருந்தால் மாமாவுக்குக் கை சும்மா இருக்காது. பஞ்சால் துடைத்து, மேலே துணி போட்டு லேசாக இஸ்திரி போட்டுவிடுவார். அவருக்கு ஒரு நண்பர் உண்டு. கப்பலில் சமையல்காரர், துறைமுகம் துறைமுகமாக நோட்டு வாங்கி வருபவர். "என்னண்ணே, உங்க நோட்டெல்லாம் இன்டர்வியூவுக்குப் போற பையன் மாதிரி விறைப்பா நிக்குது!" என்று கிண்டல் செய்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில், ஒரு தகரப் பெட்டிக்குள் அந்த நாட்டின் ஆயிரம் ஒன்று கிடைத்தது. நடுவில் சிவப்பாக ஒரு திட்டு. மாமா அதைப் படம் எடுத்துச் சமையல்காரருக்கு அனுப்பினார். கப்பல் நடுக்கடலில் இருந்தது, பதில் வரவில்லை. மாமாவுக்குப் பொறுக்கவில்லை. சாப்பாட்டு மேஜையிலேயே பஞ்சை எடுத்தார்.

"அட, தொட்டதுமே வந்திருச்சே! யாரோ பேனாவை உடைச்சிருக்கான்" என்றார்.

மறுநாள் கப்பல் கரை சேர்ந்ததும் போனில் சமையல்காரரின் குரல் வீடு முழுக்கக் கேட்டது. "அண்ணே, அடிச்சுது பாருங்க யோகம்! அது கறை இல்லண்ணே, சீலு! ஈரத்துல கலைஞ்சிருக்கு. படத்தைப் பெரிசாக்கிப் பாருங்க, ஓரத்துல பூஜ்யம் தெரியுது. கடைசி ஜன்னலுக்கு ஆள் வந்தாச்சு. தயவுசெஞ்சு கை வச்சிராதீங்க!"

மாமா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நூறு கோடியை ஒரே துடைப்புல தொலைச்ச ஆளு உலகத்துலயே நீங்கதாங்க" என்று அத்தை சிரித்தார். மாமாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. எழுந்துபோய்க் குப்பைக் கூடையைக் கிளறி அந்தப் பஞ்சை எடுத்து வந்து நீட்டினார். "இந்தாங்க, உங்க பணம்."

மாமா பஞ்சை விரித்தார். வெளிறிய சிவப்பு. பழக்கதோஷத்தில் முகர்ந்தார். பிறகு நோட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். சீல் அழுந்திய தடம் மெல்லிய பள்ளமாக இன்னும் இருந்தது.

"சீல் மை இவ்வளவு சுலபமா போகாதே" என்று தனக்குள் பேசுவதுபோல் சொன்னார். "சீல் குத்தினவன் மையில தண்ணி கலந்திருக்கான். பேப்பருக்குத்தான் பஞ்சம்னு நெனச்சேன். மைக்குமா?"

அவர் கண்ணில் பழைய வெளிச்சம் வந்துவிட்டது. "நோட்டு முழுசா இருந்திருந்தா இது எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"உங்களைத் திருத்தவே முடியாது" என்றார் அத்தை.

இப்போது கடைசி ஜன்னலில் அந்த ஆயிரமும், தட்டையாக அழுத்திய சிவப்புப் பஞ்சும் சேர்ந்தே இருக்கின்றன. இதில் எது நூறு கோடி என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். போன வாரம் சமையல்காரர் எண்ணெய் படிந்த ஒரு நோட்டைக் கொண்டுவந்தார். மாமா பஞ்சைத் தொடவில்லை. நோட்டை மூக்கருகே வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார்.

"ஏம்ப்பா, இது விளக்கெண்ணெயா, இல்ல மெஷின் எண்ணெயா?"