ஏற மறுத்த திரை

டெஸ்மண்ட் அக்ராய்ட் என் மாமா. மேவிஸ் அத்தையின் கணவர். வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பேச்சுக்காரர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. ஆனால் காருக்குப் பின்னால் மாட்டிய, சக்கரம் வைத்த சின்ன வீடான கேரவனை ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுத்து, கோடு போட்டதுபோல நிறுத்துவதில் எங்கள் ஆல்டர்கில் பள்ளத்தாக்கில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. பின்னால் நின்று கை காட்டுவது ராட்னி கிளெக்காக இருக்க வேண்டும். வேறு யார் காட்டினாலும் மாமா பிரேக்கை மிதித்துவிட்டு, "ராட்னி எங்க?" என்பார்.

ராட்னி ஆடு வளர்ப்பவர். மாமாவோடு பள்ளியில் ஒரே பெஞ்சு, கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன். குளிர்காலம் வந்தால் மாமாவின் கேரவன் ராட்னியின் கொட்டகைக்குள் போய்விடும். சாவியும் ராட்னியிடம்தான். கோடையில், கேரவன்கள் தங்கும் கடற்கரை மைதானத்தில் இரண்டு குடும்பமும் பக்கத்துப் பக்கத்து இடத்தில் தங்கும்.

அந்தக் கேரவன்மேல் எனக்கும் ஒரு உரிமை உண்டு. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பட்டம் வாங்கியவன் நான். வீட்டில் இடம் போதாமல், கடைசித் தேர்வுக்கு அதற்குள் உட்கார்ந்துதான் படித்தேன். பட்டமளிப்பு விழாவுக்கு அத்தையும் மாமாவும் அதை இழுத்துக்கொண்டே வந்து பல்கலைக்கழகத்துக் கார் நிறுத்தத்தில் காவலாளியிடம் சண்டை போட்டார்கள். கறுப்பு அங்கியில் நான் நிற்கும் படம் இன்றும் அதன் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

இந்த வருஷம் மே மாதக் கடைசியில் அவர்கள் மைதானத்துக்குப் போனார்கள். ராட்னி கை காட்ட, மாமா ஒரே மூச்சில் நிறுத்தினார். சுற்றியிருந்தவர்கள் தேநீர்க் குவளையோடு, வேடிக்கை பார்க்காதவர்கள்போல வேடிக்கை பார்த்தார்கள். அத்தை தேநீர் போட உள்ளே போனாள். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே இருந்த சன்னலில் மட்டும் சுருள்திரை இறங்கியிருந்தது. தானே சுருண்டு ஏறட்டும் என்று தட்டிவிட்டாள். பாதியில் தொய்ந்து நின்றது. கையாலேயே மேலே தள்ளினாள்.

"டெஸ்! இங்க வந்து பாரு!"

கொக்கி பதித்த திருகிலிருந்து கிளம்பி, சன்னலின் பாதிவரை ஓடியிருந்தது ஒரு விரிசல்.

"என்ன பண்ணித் தொலைச்ச இதை? அக்டோபர்ல சன்னலச் சாத்தினது நீதானே?"

மாமா பதில் சொல்வதற்குள் ராட்னி பின்னாலேயே உள்ளே வந்துவிட்டார். பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார்.

"கொக்கிய ஓவரா முறுக்கினா இப்படித்தான் விடும். இல்லன்னா பெயின்ட் தின்னர் கின்னர் போட்டுத் துடைச்சியா டெஸ்?"

மாமாவின் முகம் வெளுத்தது. கேரவன் சன்னலைக் கண்ணாடி என்று சொல்கிறோமே தவிர, அது அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக். சோப்புத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் அதில் படக்கூடாது. தின்னர் பட்டால் உள்ளுக்குள் நைந்து, என்றைக்கோ ஒருநாள் விரிசல் விடும். புதிதாகக் கேரவன் வாங்குகிறவர்களுக்கெல்லாம் இதை ஓதுகிறவரே மாமாதான்.

"கொஞ்சூண்டு... மரப்பிசின் ஒட்டியிருந்துச்சு. ஓரமாத்தான் துடைச்சேன்."

"தின்னர்லயா? நீயா?" என்றாள் அத்தை. கோபத்தில் அடுத்த வார்த்தையும் வந்துவிட்டது. "உங்கண்ணனும் இப்படித்தான் ஆரம்பிச்சாரு."

சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமாவின் அண்ணன் நினைவு தப்பித்தான் இறந்தார். போன செப்டம்பரில் மாமா, கேரவனை நிறுத்தும்போது தரையில் ஊன்றும் மூலைக்கால்களில் ஒன்றைத் தூக்காமலே கிளப்பி, புல்வெளி நெடுக உழுதுவிட்டார். அன்றிலிருந்தே அவருக்குள் அந்தப் பயம் இருந்தது. டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லியும் போகவில்லை. இப்போது விரிசல் வேறு.

அன்று மாலையே சொல்லிவிட்டார். "வித்துடலாம் மேவிஸ். பஸ் நிறைய ஆளுங்களை ஏத்திக்கிட்டு ஓட்டினவன் நான். எப்ப நிறுத்தணும்னு எனக்குத் தெரியும்."

ராட்னி அவர் தோளில் கை வைத்தார். "நல்ல முடிவுடா. சனிக்கிழமை என்னோடத வீட்டுல விட்டுட்டுத் திரும்பி வந்து, உன்னோடதையும் நானே இழுத்துட்டுப் போறேன். நீ சிரமப்படாத."

விரிசல் மேலும் ஓடாமலிருக்க அதன் நுனியில் சின்னதாகத் துளை போட்டு டேப் ஒட்டியதும் ராட்னிதான். அத்தை சன்னலின் மூலையில் பொறித்திருந்த எண்ணைச் சொல்லி, பழைய கேரவன்களைப் பிரித்து விற்கும் இடத்தில் மாற்றுச் சன்னல் கேட்டு வைத்தாள். மாமா அதைக் காதில் வாங்கவே இல்லை.

வியாழக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது அவர் வாசல் பந்தலின் கீழ் உட்கார்ந்து உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கார் சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீ வச்சுக்கோ. எங்கயாவது வச்சுட்டு மறந்துடுவேன்."

மறுநாள் காலையில் மழை. அத்தை திரைகளை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டாள். சடக், சடக், சடக் என்று மூன்றும் மேலே சுருண்டன. தொட்டிக்கு மேலிருந்த நாலாவது தொய்ந்தது. மறுபடி இழுத்துவிட்டாள். மறுபடி தொய்ந்தது.

"இது மட்டும் ஏன் ஏற மாட்டேங்குது?"

"ஸ்பிரிங் போயிருக்கும் அத்தை," என்றேன்.

பந்தலிலிருந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் மாமா குரல் கொடுத்தார். "குளிர்காலம் பூரா இறக்கியே வச்சிருந்தா ஸ்பிரிங் எப்படி இருக்கும்? எந்த மடையன் அதை இறக்கி வச்சான்?"

மற்றவர்களை அவர் வழக்கமாகத் திட்டுகிற அதே தொனி. சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே அது உறைத்தது. எழுந்து உள்ளே வந்தார்.

அத்தை மெதுவாகச் சொன்னாள். "கொட்டகையில விட்டுட்டுக் கிளம்புற அன்னைக்கு நீ எல்லாத்தையும் ஏத்திட்டுத்தான் இறங்கின. நான் படியில நின்னு கேட்டேன். நாலு சத்தம்."

"ஆமா," என்றார் மாமா. "நாலு."

அதன்பிறகு அந்தக் கொட்டகைக்குள் அந்தச் சாவியை வைத்திருந்தவர் ஒரே ஒருவர்.

அப்போது ராட்னியே வந்தார். மனைவி செய்த பேக்கன் ரொட்டிகளை அலுமினியத் தாளில் சுற்றிக் கையில் வைத்திருந்தார். "ஷீலா சுடச்சுடக் குடுத்தனுப்பினா. என்ன, யாராவது செத்துட்டாங்களா?"

"ராட்னி, இந்தத் திரைய எப்ப இறக்கின?" என்று கேட்டாள் அத்தை.

"எந்தத் திரை?"

அத்தை எதையும் சுட்டிக் காட்டவில்லை. ஆனால் ராட்னியின் கண் நேராக நாலாவது திரைக்குப் போய்விட்டது. பொட்டலத்தை மேசையில் வைத்தார்.

"நவம்பர்ல. ஈரம் கோத்துக்குதேன்னு சன்னலத் திறந்து வச்சேன். உங்க நல்லதுக்குத்தான். அப்புறம் ஆட்டு டிரெய்லரை உள்ள விடணும்னு கேரவன டிராக்டர்ல மாட்டி இழுத்தேன். சன்னல் வெளிப்பக்கம் திறந்திருக்குன்னு ஞாபகமில்ல. தூண்ல பட்டு விரிசல் விட்டுருச்சு. சொல்ற வரைக்கும் கண்ல படாம இருக்கட்டும்னு திரைய இறக்கிட்டேன்."

"அப்பவே சொல்லியிருந்தா என்னப்பா? ஒரு பிளாஸ்டிக் துண்டுதானே."

"சொல்லத்தான் இருந்தேன் மேவிஸ். அன்னைக்கு உன் பின்னாடியே ஓடி வந்தது அதுக்குத்தான். அதுக்குள்ள அவனே தின்னர்னு ஒத்துக்கிட்டான். நான் என்ன பண்றது?"

"தின்னர்ங்கறத அவன் வாயில போட்டதே நீதான்!"

ராட்னி மாமாவின் பக்கம் திரும்பினார். "டேய் டெஸ், நீயாவது சொல்லுடா. எத்தனை வருஷப் பழக்கம்..."

மாமா ரொட்டிப் பொட்டலத்தை அவர் பக்கமே தள்ளி வைத்தார். "ஒரு வாரமா என் கையையே பாத்துட்டு உக்காந்திருக்கேன் ராட்னி. பக்கத்துல நாற்காலி போட்டு நீயும் பாத்த."

மாமா என்னிடம் கையை நீட்டினார். "கார் சாவியைக் குடு."

ராட்னியின் பக்கத்திலிருந்து இடம் மாற்றும் வேலை மழையிலேயே நடந்தது. பந்தலைப் பிரித்தார். மின்கம்பியைக் கழற்றினார். நாலு மூலைக்காலையும் சுழற்றி ஏற்றி, ஒவ்வொன்றையும் குனிந்து தொட்டுப் பார்த்தார். மைதானக் காப்பாளர் பெண்மணி கடைசி வேலியோரம் ஒரு இடம் காலியாக இருப்பதாகச் சொன்னாள். காரணம் கேட்கவில்லை. அதற்குள் எல்லா வாசலிலும் குவளைகள் முளைத்துவிட்டன.

புதிய இடத்துக்கு நேராக நிறுத்திவிட்டு மாமா ரிவர்ஸ் எடுக்கத் தொடங்கினார். பின்மூலையில் ராட்னி வந்து நின்றார், பழக்கதோஷமோ என்னவோ. கை தானாக உயர்ந்தது. கார் நின்றது. சன்னல் இறங்கியது.

"கையை இறக்கு. நீ காட்டினா நான் அதை நம்பிடுவேன்."

ராட்னி விலகிப் புல்லில் நின்றார். மாமா தனியாக எடுத்தார். முதல் தடவை வேலிக்குள் நுழைந்தது. அடுத்த தடவை அடுத்தவர் கூடாரக் கயிற்றைத் தொடப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள். யாரோ அந்த ஆளை அதட்டினார்கள். ஒரு வழியாக நின்றபோது கேரவன் நன்றாகவே கோணியிருந்தது. மாமா இறங்கி, சுற்றி வந்து பார்த்தார்.

"கோணலா இருக்கு," என்றாள் அத்தை.

"தெரியுது. நாளைக்கு நான்தான் வீட்டுக்கு இழுத்துட்டுப் போறேன்."

"கொட்டகைக்கா?"

"வீட்டுக்குன்னேன்."

பிறகு ராட்னியிடம் நடந்துபோய் நின்றார். "கேரவன் சாவி."

ராட்னி பையிலிருந்து கொத்தை எடுத்தார். அவருடைய வீட்டுச் சாவி, டிராக்டர் சாவி, கொட்டகைச் சாவி, அதற்குள் நடுவில் எங்கள் கேரவன் சாவி. வளையம் துருப்பிடித்து இறுகியிருந்தது. நகத்தால் பிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பல்லால் கடித்தார். மழையில் விரல் வழுக்கியது. "வீட்டுல போய்க் கழட்டித் தரட்டுமா டெஸ்?" என்று கேட்டார்.

"இப்ப."

மாமா உள்ளங்கையை நீட்டியபடியே நின்றார். ராட்னியின் முகத்தை அவர் பார்க்கவில்லை. நீட்டிய தன் கை நடுங்குகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுங்கவில்லை. சாவி வந்து விழுந்த பிறகும் அவர் பார்ப்பதை நிறுத்தவில்லை.