பழனியப்பன் செய்த ரெக்கமெண்ட்

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் அந்தக் காலத்துப் பிள்ளைகள் ஏபிசிடிக்கு முன்னாலேயே கற்றுக்கொண்ட இங்கிலீஷ் சொல் ஒன்று உண்டு. ரெக்கமெண்ட். துரையிடம் போய், இவன் நல்லவன், இவனுக்கு வேலை கொடுங்கள், தப்பு வந்தால் என்னைக் கேளுங்கள் என்று சொல்வதுதான் அதன் அர்த்தம். எங்கள் லைன் வீடுகளில் அது படாத பாடு பட்டது. பாசாரில் எந்தக் கடை மீன் நல்ல மீன் என்பதற்கும் ரெக்கமெண்ட். பெண் கேட்டுப் போனால், நடுவில் பேச ஒரு ரெக்கமெண்ட். பிள்ளைக்கு நெஞ்சுச் சளி என்றால் எந்த வைத்தியர் என்பதற்கும் அதுதான்.

அந்தச் சொல் காதில் விழுந்தாலே பழனியப்பனுக்குப் பற்றிக்கொண்டு வரும். தனக்காக இந்த ஊரில் ஒருவனும் வாயைத் திறந்ததில்லை, தானாக வந்து தானாக ஜல்லி அள்ளியவன் தான் என்பார். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். பெண்டாட்டி வள்ளியம்மாவிடம் அவர் புலம்பியதெல்லாம் எனக்கும் சேர்த்துப் புலம்பியதுதான்.

தண்டவாளம் பழுது பார்க்கும் கூட்டத்தில் அவர்தான் மூத்த ஆள். கூட்டத்துக்குத் தலைவரான மண்டோர் தம்புசாமிக்கு வயதாகிவிட்டது. அவர் கழுத்தில் தொங்கும் ஊதல் அடுத்து தன் கழுத்துக்குத்தான் என்று பழனியப்பன் நம்பிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான் நாகையா.

என்ன சொல்ல, அவன் கை அப்படி. குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தான் என்றால் தண்டவாளம் எங்கே நெளிந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். துரை அவனை நாகையா என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பழனியப்பன் அத்தனை வருஷம் கழித்தும் வெறும் ஏய்தான். போதாததற்கு, நாகையா தன் பெண்டாட்டிக்குக் குழாயடியிலிருந்து தண்ணீர் தூக்கிக் கொடுத்தான். அதை வள்ளியம்மா பாவம், வாய் தவறி வீட்டில் சொல்லிவிட்டாள். அன்றைக்கு அவள் வைத்த மீன்குழம்பை அவர் தொடவே இல்லை.

“ஊதலும் அவனுக்குத்தான் போகும், பாத்துக்க,” என்றார். சோறு இறங்காமல் மனிதர் இளைத்தே போனார். இவ்வளவு பொறாமையை வயிற்றில் வைத்துக்கொண்டு எப்படித்தான் தூங்கினாரோ.

அப்போது குவாலா லிப்பிஸுக்கு அந்தப் பக்கம், காட்டுக்குள், புது ரயில் லைன் போட்டுக்கொண்டிருந்தார்கள். போனவர்களில் பாதிப்பேர் குளிர்காய்ச்சலோடு திரும்பினார்கள். புலி பயம் வேறு. அங்கே ஒரு மண்டோர் வேண்டும், யாரை ரெக்கமெண்ட் பண்ணுகிறாய் என்று துரை மூத்த ஆளான பழனியப்பனைக் கேட்டார்.

மனிதருக்கு மூளை வேலை செய்தது. நாகையா என்றார். பெயரைச் சொன்னால் மட்டும் போதுமா? வேலை தெரிந்தவன், குடிக்காதவன், கூட வேலை செய்கிறவனை அடிக்காதவன், சொன்ன சொல் தவறாதவன் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து வள்ளியம்மாவிடமும் அதையெல்லாம் விரல் விட்டு எண்ணிச் சொன்னார். அத்தனையும் உண்மை என்பதுதான் அவரைக் கொன்றது.

“காட்டுல கெடக்கட்டும். இனி பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டான்,” என்றார்.

மறுநாள் நாகையா பெண்டாட்டியோடு தட்டில் பழமும் வெற்றிலையும் வைத்துக்கொண்டு வந்து காலில் விழுந்தான். “இந்த ஊர்ல எனக்காக வாயத் தொறந்த மொத ஆளு நீங்கதாண்ணே,” என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அவனுக்குச் சூது வாது தெரியாது. பழனியப்பன் பழத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

நாகையா காட்டில் அழிந்தா போனான்? அவனுக்குத் தனி வீடு கிடைத்தது. அவன் கூட்டத்தில் காய்ச்சலில் ஒருவனையும் சாக விடவில்லை என்று பெயரும் கிடைத்தது. தைப்பூசத்துக்கு வந்தபோது அவன் கோட்டுப் போட்டிருந்தான், அவன் பெண்டாட்டி காதில் புதுத் தோடு ஆடியது. எனக்கே வயிறு எரிந்தது, பழனியப்பனைக் கேட்க வேண்டுமா? இதில் லைன் முழுக்க, பழனியப்பன் வாய் ராசியான வாய் என்று வேலை தேடுகிறவனெல்லாம் அவர் வாசலில் வந்து நின்றான். அவர் எல்லாரையும் திட்டி அனுப்பினார்.

அதே தைப்பூசத்தோடு தம்புசாமி வேலையை விட்டார். ஊதல் யாருக்கு என்று துரை யோசித்தார். பழனியப்பன் எடுத்ததற்கெல்லாம் சண்டைக்கு நிற்கிற ஆள். கூட்டத்தில் ஒருவனும் அவருக்காகப் பேசவில்லை. இவரோ வீட்டில் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தார். கடைசியில் துரை அவரைக் கூப்பிட்டு ஊதலைக் கையில் கொடுத்து, நாகையாவுக்கு நன்றி சொல்லு, அவன்தான் ரெக்கமெண்ட் பண்ணினான் என்றாராம்.

ஊதலோடு வீடு வந்தவரின் முகத்தில் ஈயாடவில்லை. லிப்பிஸுக்குத் திரும்பக் கிளம்பிய நாகையா, சொல்லிக்கொண்டு போக வந்தான். என்னைப் பற்றி என்னடா சொன்னாய் என்று பழனியப்பன் கேட்டார். கேட்ட குரலே சரியில்லை.

“கோவக்காரரு, ஆனா மனசுல வஞ்சகம் கெடையாதுன்னு சொன்னேண்ணே. நீங்க எனக்குச் செஞ்சதத்தானே நானும் செஞ்சேன்.”

அவன் கும்பிட்டுவிட்டு ரயிலுக்குப் போய்விட்டான். வள்ளியம்மா பாயசம் வைத்து, எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தாள். நான் என் வீட்டில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள், “கேட்டது கெடச்சிருச்சே, இன்னும் ஏங்க மூஞ்சத் தூக்கி வச்சிருக்கீங்க?” என்று கேட்டாள்.

ஊதலை ஆணியில் மாட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு பழனியப்பன் சொன்னார்:

“நல்லவனா இருக்கறதுலயும் அவனே முந்திக்கிட்டான் வள்ளி.”