அலமாரியில் பூத்த வெள்ளை

அமலநாதன் பாலிஷ் போடும் நாட்களில் அந்தப் பக்கம் யாரும் தும்மக்கூட முடியாது. ஈரப் பாலிஷில் ஒரு தூசி உட்கார்ந்துவிட்டால் போதும், சாமி வந்தவன் மாதிரி ஆடுவான். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, இடுக்குகளில் ஈரத்துணியைத் திணித்த பிறகுதான் வேலையில் உட்காருவான். நான் அலமாரி செய்யும் தச்சன். அவன் அதற்குப் பளபளப்பு ஏற்றுகிறவன். சாரம் என்ற ஊரில் இருந்த என் பட்டறையில் இருபது வருஷம் ஒன்றாக உழைத்தோம், இருபது வருஷமும் சண்டை போட்டோம். இன்றைக்கு அந்தச் சண்டைக்கு மனசு ஏங்குகிறது.

அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப் பொட்டலத்தால் தேய்ப்பதுதான் பாலிஷ். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலில், மரத்திலிருந்து வடித்துக் கப்பலில் வந்த மர ஸ்பிரிட் மலிவாகக் கிடைத்தது. பட்டப்பகலில் அது பற்றிக்கொண்டால் தீயே கண்ணுக்குத் தெரியாது. கை மயிர் பொசுங்கிய பிறகுதான் அமலநாதனுக்கே தெரிந்தது. அன்றோடு பட்டறைக்குள் பீடிக்குத் தடை போட்டான். நெருப்புக்குப் பயந்த மனிதன் ஸ்பிரிட்டின் வாடைக்குப் பயப்படவில்லை.

வைகாசியில் அவன் மகள் ஸ்டெல்லாமேரிக்குக் கல்யாணம். சீர் அலமாரியை நான் செய்து கொடுத்தேன். சித்திரை வெயிலில் எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு உள்ளே போனவன், நாலைந்து நாளாகப் பகல் முழுக்க அங்கேயே கிடந்தான். சோறு கொண்டுபோன என் நெற்றியில் வாடை வந்து அடித்தது. அவன் உப்புத்தாளைக் கையில் எடுத்திருந்தான்.

“மூணாந்தடவையா சுரண்டப் போறேன்டா தணிகாசலம். வெள்ளையா பூத்துப் பூத்துப் போவுது.”

மழைக்கால ஈரத்தில் பாலிஷ் அப்படி வெள்ளை பூப்பது உண்டு. சித்திரையில் ஏது ஈரம்? குனிந்து பார்த்தேன். என் மீசையும் வெற்றிலைக் கறையும் அலமாரிக் கதவில் அப்படியே தெரிந்தன.

“எங்கடா பூத்திருக்கு? என் மூஞ்சி தெரியுதே!”

“உனக்கு என்னா, கண்ணு அவிஞ்சுபோச்சா?” என்று கத்திக்கொண்டே திரும்பினான். திரும்பியவன் குரல் இறங்கிவிட்டது. “ஏன்டா, நீயும் பனியில நிக்கிற மாதிரி தெரியிற?”

ஜன்னலை உதைத்துத் திறந்தேன். தெருப்புழுதி முழுக்க ஈர அலமாரியில் வந்து ஒட்டியது.

“பாவி, எம்பொண்ணு சீரக் கெடுத்துட்டியேடா!” என்று அவன் அழ அழ, ஆள் தள்ளும் புஷ்வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

மூடிய அறையில் அந்த ஸ்பிரிட்டின் ஆவி கண் நரம்பைக் கெடுத்துவிடும் என்றார் டாக்டர். இனித் தொட்டால் முழுக்குருடு. போன பார்வை திரும்புமா என்பது சொல்வதற்கில்லை என்றார்.

“எம்பொண்ண மணக்கோலத்துல பாப்பேனாடா?” தினமும் இதையேதான் கேட்டான். நான் அவனைத் திட்டினேன்.

கல்யாணத்தன்று மாதா கோவில் வாசலில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஸ்டெல்லாமேரி வண்டியிலிருந்து இறங்கினாள்.

“வெள்ளையாத் தெரியுதுடா. எங்கண்ணுக் கோளாறுதானா?”

“அது முக்காடுடா, மடையா.”

கண்ணைச் சுருக்கிக்கொண்டு மகளுக்குக் கிட்டே போனான். ரொம்ப நேரம் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு விரல் நுனியால் முக்காட்டிலிருந்து எதையோ கிள்ளி எடுத்து, என்னிடம் நீட்டினான்.

“தூசிடா” என்றான்.

கோவில் வாசல் என்றுகூடப் பார்க்காமல் நான் ஓவென்று அழுதுவிட்டேன்.