சின்னாத்தாவுக்குக் கொண்டுபோன கசாயம்

எனக்கு எழுபத்தெட்டு வயசாச்சுங்க. அஞ்சு பிள்ளைகளை ஆளாக்கினவ நான். கூலிக்குப் பனியன் துணியில் பிசிறு நூல் வெட்டிக்கிட்டே டிவியில் அந்தப்புர நாடகம் பார்ப்பேன். நேற்று மூத்த ராணி, மாசமாயிருந்த இளைய ராணிக்குப் பால் கொடுத்தனுப்பினாள். அதில் விஷம் இருப்பது கொண்டுபோன தாதிக்குத் தெரியும். என் கத்தரி நின்றுபோச்சு.

ஏழு வயசில் நானும் அப்படிக் கொண்டுபோனவதான். எங்கப்பன் ரெண்டாவதாகக் கட்டிவந்த சின்னாத்தா அப்போது நிறைமாசம். ஒரே ஊட்டில் ரெண்டு அடுப்பு, பேச்சுவார்த்தை கிடையாது. அன்றைக்கு என்னைப் பெற்ற ஆத்தா சீரகக் கசாயம் வைத்து, "சின்னாத்தாளுக்குக் குடு கண்ணு" என்றாள். காலையில் ஆத்தா வேலியோரம் அரளிச் செடிக்குப் பக்கத்தில் நின்றதை நான் பார்த்திருந்தேன். அரளி விஷமென்று ஊரில் சொல்லக் கேட்டிருந்தேன்.

சொம்போடு போய் வேலியையே பார்த்துக்கிட்டு நின்றேன். "ஏங்கண்ணு அங்கயே நின்னுட்டே?" என்று சின்னாத்தா கை நீட்டினாள். சொம்பை வேணுமென்றே கீழே விட்டேன்.

ஆத்தா ஓடிவந்தாள். என் கண் போன வேலிப்பக்கம் அவளும் பார்த்தாள். அடிக்கவில்லை. மறுபடி கசாயம் வைத்து, எங்கள் முன்னாலேயே ஒரு வாய் குடித்துவிட்டு நீட்டினாள்.

சாகும்வரைக்கும் எனக்கு எதைக் கொடுத்தாலும் தான் ஒரு வாய் தின்றுவிட்டுத்தான் கொடுத்தாள். அந்த முதல் சொம்பில் என்ன இருந்ததென்று நான் கேட்டதேயில்லை.

பேத்தி கண்ணு, என் எழுத்து கோணலாத்தான் இருக்கும், அனுப்பறதுக்கு முன்னால எனக்குச் சத்தமா வாசிச்சுக் காட்டு. ஆத்தா மேல பழி விழுந்த மாதிரி இருந்தா அந்த வரியை அடிச்சுப்போடலாம்.