யார் ‘சொறி’ சொல்ல வேண்டும்?

இன்று ஸ்காபரோவில், மல்வேர்ன் பஸ்ஸில், கதவடிக்குப் போகும் அவசரத்தில் ஒருவர் என் மகளின் காலை மிதித்துவிட்டார். அவளுக்கு நான்கு வயது. அழுதபடியே, “யூ ஹாவ் டு சே சொறி!” என்றாள்.

மிதித்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்களுக்குப் பக்கத்தில் இருந்த தமிழர் ஒருவருக்குத்தான் கோபம் வந்தது.

“என்ன பிள்ளை, பெரியாக்களோட இப்பிடியே கதைக்கப் பழக்கியிருக்கிறீர்? எங்கட சனத்துக்கெல்லோ கெட்ட பேர். பிள்ளையை அந்தாளிட்டச் சொறி கேக்கச் சொல்லும்.”

மகள் என்னைப் பார்த்தாள். “நான் என்னம்மா செய்தனான்?”

“நீங்கள் ஒண்டும் செய்யேல்லை, குஞ்சு. சொறி கேக்கத் தேவையில்லை.”

பிறகு அவரிடம் திரும்பினேன். “அங்கிள், மிதிச்ச ஆளிட்டக் கேக்கப் பயம். மிதி வாங்கின பிள்ளையிட்ட மட்டும் வாய் நீளுதோ?”

“உவையளுக்குப் படிப்புக் கூடிப்போச்சு” என்று யன்னலுக்குச் சொன்னார்.

மகளின் கால் விரல் இன்னும் சிவந்திருக்கிறது. அதைவிட, “நான் கூடாத பிள்ளையா?” என்று வீட்டுக்கு வந்தும் கேட்கிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான்கு வயதுக்காரி அந்தச் சொல்லைச் சரியான ஆளிடம்தான் கேட்டாள். ஸ்காபரோவில் இத்தனை வருடம் இருந்தும் அங்கிளுக்கு அது பிடிபடவில்லை. உங்களுக்கும் இப்படி ஓர் அங்கிள் வாய்த்திருக்கிறாரா, இல்லை எங்களுக்கு மட்டும்தானா?