தேர்தல் வந்தால் துப்பாக்கி

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஒரு துப்பாக்கிக் கடையில் லொரெட்டா இருபது வருடமாக வேலை பார்க்கிறாள். தேர்தல் நெருங்கும்போதெல்லாம், துப்பாக்கி விற்பனையைத் தடை செய்யும் புதுச் சட்டம் வந்துவிடும் என்று பதறி ஓடிவரும் ஆண்களைக் கண்டால் அவளுக்கு இளக்காரம். இந்த முறை அந்த வரிசையில் அவள் கணவன் வெர்னனே வந்து நின்றான்.

“வாங்கிடலாமா, வேண்டாமா லொரெட்டா? அடுத்த வருஷம் தடை பண்ணிட்டா என்ன செய்யறது?”

“போன தேர்தலுக்கு வாங்குனதையே நீ இன்னும் பெட்டியிலிருந்து எடுக்கல. வேட்டைக்குப் போனா மானைப் பாத்தாலே கை நடுங்குது. உனக்கெதுக்கு இன்னொண்ணு?”

வரிசையே சிரித்தது. வெர்னன் முகம் சிவந்து, “எல்லாரும்தானே வாங்குறாங்க” என்று முனகினான்.

“எல்லாரும் உன்னை மாதிரிதான்!”

சிரிப்பு நின்றது. ஆனால் ஒருவர்கூட வரிசையை விட்டு விலகவில்லை. அவள் தர மறுத்ததால் வெர்னன் பக்கத்துக் கவுன்ட்டரில் வாங்கிக்கொண்டான். அடுத்த வருடமும் எந்தச் சட்டமும் வரவில்லை.