ஆம்பளை மாத்திரை

ஆண்களுக்கான கருத்தடை மாத்திரையைச் சோதித்துப் பார்க்க 1988இல் தன் உடம்பையே கொடுத்தவர், பம்மல் தோல் கம்பெனியில் வேலை பார்த்த அப்பாதுரை. டீக்கடையில் அதைச் சொல்லும்போதெல்லாம் எல்லையில் துப்பாக்கி பிடித்தவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார். எட்டு மாதத்தில் ஒரு மாத்திரைகூடத் தவறவில்லை. எப்படித் தவறும்? தினமும் காலையில் அதை அவர் வாயில் போட்டு, தண்ணீர் கொடுத்து, அட்டையில் டிக் அடித்தவள் மனைவி கனகவல்லி. மாதாமாதம் அட்டையோடு பஸ் பிடித்துத் தாம்பரத்து ஆராய்ச்சி மையத்துக்குப் போனதும் அவள்தான். ரத்தம் கொடுக்கிற நாளில் மட்டும் அவரையும் கையைப் பிடித்து இழுத்துப் போவாள்.

கடைசி மாதம் டாக்டரம்மா ஃபாரத்தை விரித்து, "மாத்திரையால ஏதாவது தொந்தரவு உண்டா? களைப்பு, தலைவலி, எரிச்சல்?" என்று கேட்டார்.

"எல்லாமே கீது டாக்டரம்மா," என்றாள் கனகவல்லி.

டாக்டரம்மா அவசரமாகப் பேனாவைத் திறந்தார். "எத்தனை நாளா? அவர் சொல்லவே இல்லையே!"

"அவுரு குத்துக்கல்லாட்டம் கீறாரு. எனக்குத்தான் கீது."

"அதை எழுத இதுல கட்டம் இல்லைம்மா. இது ஆம்பளைங்க மாத்திரை."

சொல்லிவிட்டு, 'பக்க விளைவுகள் எதுவுமில்லை' என்று டாக்டரம்மா எழுதிக்கொண்டார்.